பெரிய வேலையைக் கையில் எடுத்தவர்

பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு மறையுரை, யட்டியாந்தோட்டை



நம் பகுதியில் எந்த மேட்டில் ஏறிப் பார்த்தாலும் பாதியில் நிற்கிற வீடு ஒன்று கண்ணில் படும். அத்திவாரம் போட்டிருக்கும். நாலு தூண் எழும்பியிருக்கும். தூண் தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டு துருப்பிடித்து நிற்கும். உள்ளே புல் முளைத்து, யாரோ மாட்டைக் கட்டியிருப்பார்கள். 2022இல் சீமெந்து விலை ஏறிய ஏற்றத்தில் நின்றுபோன வீடுகள் அவற்றில் நிறைய. லயத்தை விட்டு வெளியே வந்து, ஏழு பேர்ச்சஸ் நிலத்திலாவது தனக்கென்று ஒரு கதவு வைத்துவிட வேண்டும் என்று ஒரு குடும்பம் வைத்த ஆசை அது.

இன்று நாம் கேட்ட நற்செய்தியில் ஆண்டவர் அப்படி ஒரு கட்டடத்தைப் பற்றித்தான் பேசுகிறார். ஒருவர் கோபுரம் கட்ட ஆசைப்படுகிறார். அவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டாரா என்று கேட்கிறார் இயேசு. பார்க்காமல் தொடங்கி, அத்திவாரத்தோடு நின்றுவிட்டால், போகிறவர் வருகிறவர் எல்லாம் ஏளனம் செய்வார்களே என்கிறார். நாமும் சில வேளை அப்படிச் சிரித்திருக்கிறோம் அல்லவா? பக்கத்து வீட்டுச் சுவர் எழும்பாமல் நின்றபோது, 'இவனுக்கு எதுக்கு இந்தப் பெரிய ஆசை' என்று சொல்லியிருக்கிறோம் அல்லவா? ஆனால் நற்செய்தியை நிதானமாக மறுபடி வாசியுங்கள். சிரிக்கிறவர்கள் வழியில் போகிறவர்கள். ஆண்டவர் சிரிக்கவில்லை. அவர் தச்சரின் வீட்டில் வளர்ந்தவர். அவர் பிள்ளையாக இருந்த காலத்தில், நாசரேத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் போய்ச் சேரக்கூடிய செப்போரி நகரத்தை ஏரோது அந்திப்பா மீளக் கட்டிக்கொண்டிருந்தான். கல்லும் மரமும் கூலியும் என்னவென்று அறிந்த வீட்டில் வளர்ந்தவர்தான் நம்மைப் பார்த்து, 'முதலில் உட்கார்' என்கிறார்.

உட்காருவது சின்ன விஷயம் இல்லை. உலகம் முழுவதிலும் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பெரிய வேலைகளின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்த பென்ட் ஃப்ளிவ்பியர் என்ற ஆய்வாளர், சொன்ன செலவிலும் சொன்ன காலத்திலும் முடிந்தவை நூற்றுக்கு எட்டரைதான் என்று எழுதியிருக்கிறார். படித்தவர்களும் பணமுள்ளவர்களும் கட்டுகிற அணையும் பாலமும் ரயில் பாதையும் இப்படி. நம் வீடு நின்றதற்காக நாம் தலை குனிய வேண்டியதில்லை. மேலே எழுப்புகிற அவசரத்தில் கீழே மண் எப்படி என்று பார்க்க மறந்துபோவது மனித சுபாவம். 2016 மே மாதம் அரநாயக்கவிலும் பக்கத்தில் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்து வந்ததைப் பார்த்த நமக்கு, மண்ணைப் பார்ப்பது என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

நம் பிள்ளைகள் நிறையப் பேர் கொழும்பில் கட்டட வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் பேச்சில் 'பி.எம்.' என்று ஒருவர் அடிக்கடி வருவார். கடிதத்தில் செயற்திட்ட முகாமையாளர் என்று எழுதுவோம். ஆயிரம் பேர் வேலை செய்கிற சைட்டில் சீமெந்து எப்போது வரும், கம்பி யார் கட்டுவது, மழை பிடித்தால் எதை நிறுத்துவது, பணம் எங்கே தட்டுகிறது, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று எல்லாம் கடைசியில் வந்து சேருகிற ஆள் அவர். மேசன் பாஸிடம் வேலை பழகுகிற நம் பையன் ஒருவன் என்னிடம் சொன்னான்: "நல்ல பி.எம். இருக்கிற சைட்டில பொழுது சாய வீட்டுக்கு போன் எடுக்க மனசு வரும் சாமி. மற்ற சைட்டில படுத்தாப் போதும்னு இருக்கும்." அந்தப் பிள்ளை சொன்னதைத்தான் நான் சில நாட்களாக மனதில் வைத்துச் செபித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் பொறுப்பில் பெரிய வேலை ஒன்று ஒப்படைக்கப்படும்போது, அவரை நல்லவராக்குவது எது? நம்மில் யாருக்கு அப்படிப் பொறுப்பு இல்லை? கங்காணிக்கு இருக்கிறது, கணக்கப்பிள்ளைக்கு இருக்கிறது, சங்கத் தலைவருக்கு இருக்கிறது, நாலு பிள்ளைகளை வளர்க்கிற தாய்க்கு எல்லோரையும்விட இருக்கிறது.

திருவிவிலியத்தில் இப்படி ஒருவர் இருக்கிறார். நெகேமியா. பாரசீக மன்னனுக்குத் திராட்சை இரசம் ஊற்றிக் கொடுக்கிற வேலை அவருக்கு, சூசா அரண்மனையில். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது, வாயில்கள் எரிந்து கிடக்கின்றன என்று செய்தி வருகிறது. அவர் செய்த முதல் வேலை உட்கார்ந்து அழுதது. நாள் கணக்கில் நோன்பிருந்து அழுதார். பிறகு மன்னனிடம் கேட்டு, மரத்துக்கும் வழிக்கும் கடிதம் வாங்கிக்கொண்டு, எருசலேமுக்கு வந்தார். வந்தவர் மூன்று நாள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இரவில் எழுந்து, இரண்டொருவரை மட்டும் கூட்டிக்கொண்டு, விலங்கின் மேல் ஏறி, இடிந்த மதிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் இடிபாடு அடைத்துக் கிடந்ததால் அந்த விலங்கு நடந்து போகவே இடமில்லை என்று நூலில் எழுதியிருக்கிறது. எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். வழியில்லாத இடம் வரைக்கும் அவர் தாமே போய்ப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் மக்களிடம் வந்து, கட்டுவோம் வாருங்கள் என்று கூப்பிட்டார்.

நமக்குப் பக்கத்திலும் இப்படிப் பார்த்து வைத்த ஒருவர் உண்டு. நம் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற களனி ஆறு மேலே கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்று இரண்டாக இறங்கி வருகிறது. அந்தத் தண்ணீரில் இந்த நாட்டுக்கே கரண்ட் எடுக்கலாம் என்று கண்டு சொன்னவர் டி. ஜே. விமலசுரேந்திர. 1874இல் காலியில் பிறந்த பொறியியலாளர். 1918இல் கணக்குகளோடு ஒரு கட்டுரை எழுதிப் பொறியியலாளர்கள் முன்னால் வைத்தார். லக்சபான வேலை 1924இல் தொடங்கியது. 1927இல் பணமில்லை என்று நின்றது. அவர் விடவில்லை. 1931இல் இரத்தினபுரித் தொகுதிக்காக அரசாங்க சபைக்குப் போய் அங்கும் இதையே பேசினார். கடைசியில் லக்சபானவில் விசை சுழன்றது 1950இல். கட்டுரை எழுதி 32 வருடம். அப்போது அவருக்கு 76 வயது. மூன்று வருடத்தில் இறந்துபோனார். இன்று நோட்டன் பிரிட்ஜ் மின்நிலையம் அவர் பெயரில் இருக்கிறது.

அவருக்கு 1927க்கும் 1950க்கும் இடையில் இருந்த வருடங்களை யோசித்துப் பாருங்கள். கணக்கு சரி. தண்ணீர் கண் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. வேலை மட்டும் நிற்கிறது. உங்கள் வாழ்க்கையிலும் இப்படி நின்றுபோன ஒன்று இருக்குமே? பிள்ளையின் படிப்பு, பிரிந்துபோன அண்ணன் தம்பியைச் சேர்த்து வைக்கிற முயற்சி, குடியை விடுகிறேன் என்று மாதா முன்னால் செய்த பொருத்தனை. நின்றுபோனது என்றதும் கடவுளும் கையை விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை, சகோதரரே. நம்மில் நல்ல செயலைத் தொடங்கியவர் அதை நிறைவுக்குக் கொண்டுவருவார் என்று பவுல் அடியார் பிலிப்பி மக்களுக்கு எழுதியது சிறைக்கூடத்திலிருந்துதான். நம் ஊருக்கே ஒரு காலத்தில் கோச்சி வந்தது. களனிப் பள்ளத்தாக்குப் பாதை அவிசாவளையிலிருந்து இங்கே வரைக்கும் இருந்தது. 1942இல் அது நின்றது, தண்டவாளமும் போய்விட்டது. ஊர் போகவில்லை. செபமும் போகவில்லை.

இப்போது உங்களை இராமேஸ்வரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். நம் தாத்தா பாட்டிமார் மண்டபம் முகாமில் காத்திருந்து, கடல் கடந்து, தலைமன்னாரில் இறங்கி, இந்த மலைக்கு வந்தார்கள். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் அவர்களில் நிறையப் பேர் கடந்த பாலம். 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தானது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியா போக வேண்டும், மூன்று இலட்சம் பேருக்கு இங்கே குடியுரிமை என்று நம்மைக் கேட்காமலே நம்மைப் பங்கு போட்டார்கள். அடுத்த இரண்டு மாதம் முடியவில்லை. டிசம்பர் 22 இரவு பெரும் புயல். தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு போன ரயிலைக் கடல் கொண்டுபோனது. பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள் தூண்களிலிருந்து பெயர்ந்து கடலுக்குள் விழுந்தன.

அந்தப் பாலத்தைத் திருப்பிக் கட்டுகிற பொறுப்பு ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளரிடம் வந்தது. பாலக்காட்டுப் பக்கத்து ஆள். வயது 32. ரயில்வே ஆறு மாதம் கொடுத்தது. அவருடைய மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். புதிய கர்டர்களை நாட்டின் எங்கெங்கிருந்தோ செய்தும் திரட்டியும் கொண்டுவந்தாக வேண்டும் என்பதுதான் அதுவரைக்கும் இருந்த யோசனை. அப்போது ஒரு மீனவர் வந்து, விழுந்த கர்டர்கள் கடலடியில் கிடக்கின்றன, தான் கண்டதாகச் சொன்னார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். கல்லூரியில் படித்த பொறியியலாளர். அரசாங்க வேலை. தலைக்கு மேல் அவசரம். முன்னால் நிற்கிறவர் வெறும் காலோடு, மீன் வாடையோடு வந்த ஒருவர். 'சரி, போய் வா' என்று அனுப்பியிருக்கலாம். நம்மையும் எத்தனை மேசைகளுக்கு முன்னால் அப்படி அனுப்பியிருக்கிறார்கள்! ஸ்ரீதரன் கேட்டார். கேட்டதோடு விடாமல் போய்ப் பார்த்தார். கர்டர்கள் கிடந்தன. அவற்றைத் தூக்கி எடுத்து, பழைய தூண்களின் மேலேயே வைத்து, 46 நாளில் பாலத்தை ரயில் போகிறபடி முடித்தார். அந்த மீனவரின் பெயர் எந்தப் பலகையிலும் பொறிக்கப்பட்டிருப்பதாக நான் கேள்விப்படவில்லை. ஆண்டவரின் புத்தகத்தில் இருக்கும். பிறகு வந்த வருடங்களில், இங்கிருந்தும் இரத்தினபுரிப் பக்கத்திலிருந்தும் பெட்டியும் படுக்கையுமாகப் புறப்பட்ட குடும்பங்கள் இராமேஸ்வரத்தில் இறங்கி, அந்தப் பாலத்தின் மேலேதான் போனார்கள். உங்களில் சிலருடைய பெரியப்பாவும் அத்தையும் போனார்கள். அழுதுகொண்டு போனார்கள். ஆனாலும் பத்திரமாகக் கடந்தார்கள்.

இப்போது நம் வீட்டைப் பார்ப்போம். நம் பேச்சைக் கேட்க வேண்டியவர்கள் யார் என்று நமக்கு நன்றாகத் தெரியும். நாம் யாருடைய பேச்சைக் கேட்கிறோம்? வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிற அம்மா ஏதோ சொல்ல வந்து பேசாமல் விட்டுவிட்டாரா? பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள், 'அப்பா, கடன் வாங்க வேண்டாம்' என்று சொன்னபோது, 'உனக்கு என்ன தெரியும்' என்றோமா? நாம் தேடி அலைகிறது கடலடியில் பத்திரமாகக் கிடக்கலாம். அதைக் கண்டவர் நாம் ஒரு சொல் கேட்காத ஒருவராக இருக்கலாம். இதைச் சொல்லி உங்களைக் குற்றப்படுத்த நான் வரவில்லை. கலிலேயக் கடற்கரையில் மீனவர்களைத்தான் ஆண்டவர் முதலில் கூப்பிட்டார் என்பதை நினைவுபடுத்த வந்தேன். இன்று மாலையே கேட்கலாம். கேட்பதற்கு நேரம் கடந்து போய்விடவில்லை.

நெகேமியாவும் அப்படித்தான். அவர் புத்தகத்தின் மூன்றாம் பிரிவை வாசிப்பவர்கள் குறைவு. பெயர்ப் பட்டியல் என்று தள்ளிவிடுவோம். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது புரிய வேண்டும். இந்த வாயிலை இன்னார் கட்டினார், அவருக்கு அடுத்ததை இன்னார் கட்டினார் என்று ஒவ்வொருவராக எழுதி வைத்திருக்கிறார். பொற்கொல்லர் ஒருவர், நறுமணத் தைலம் செய்கிறவர் ஒருவர், கொத்து வேலை தெரியாத ஆட்கள். சல்லூம் என்பவரும் அவருடைய பெண்மக்களும் கட்டினார்கள் என்று பெண்களையும் விடாமல் எழுதியிருக்கிறார். பலருக்கு அவரவர் வீட்டுக்கு எதிரே உள்ள மதிலைக் கொடுத்தார். தன் வீட்டு வாசலுக்கு நேரே உள்ள கல்லை யார் கோணலாக வைப்பார்? தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்கள் மட்டும் தோள் கொடுக்க மறுத்தார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதினார். 52 நாளில் மதில் முடிந்தது.

ஆனால் சகோதர சகோதரிகளே, 46 என்பதிலும் 52 என்பதிலும் மயங்கிவிட வேண்டாம். சீக்கிரம் முடிப்பது மட்டுமே பெருமை என்றால், இங்கிருந்து மேலே கித்துல்கலவுக்குப் போய்ப் பாருங்கள். 1957இல் வெளியான குவாய் ஆற்றுப் பாலம் என்ற படத்துக்காக நம் களனி ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்டி, படத்துக்காகவே அதைத் தகர்த்தார்கள். அதன் அடிக்கட்டு இன்றும் தெரியும். அந்தப் படத்தின் கதையில் வருகிற அதிகாரி நல்ல பாலம் கட்ட வேண்டும் என்கிற வெறியில் அது யாருக்காக, எதற்காக என்பதையே மறந்துவிடுவார். கதை போகட்டும். உண்மையான சயாம் – பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். காலக்கணக்கைப் பார்த்தால் பெரிய சாதனை. போர்க்கைதிகளோடு, மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் அங்கே பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்தார்கள். நம்மைப் போல் பால் வெட்டுகிற மக்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. வேலையை முடிக்க ஆளைத் தின்றுவிடுகிற தலைவர்களும் உலகத்தில் உண்டு. அவர்கள் கட்டியதும் பாலம்தான்.

அதனால்தான் நெகேமியாவின் ஐந்தாம் பிரிவை நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். மதில் வேலை மும்முரமாக நடக்கிறது. வெளியே எதிரிகள், ஒரு கையில் வேலை, மறு கையில் ஆயுதம். அந்த நேரத்தில் கட்டுகிற மக்களும் அவர்களின் மனைவிமாரும் கூக்குரல் இடுகிறார்கள். தானியத்துக்காக வயலை அடகு வைத்துவிட்டோம், வரி கட்டக் கடன் வாங்கினோம், எங்கள் பிள்ளைகளை அடிமைகளாக விற்கிறோம், வாங்குகிறவர்களும் நம் இனத்தவரே என்கிறார்கள். இதை நம்மை விட நன்றாக யார் புரிந்துகொள்வார்? நம் முன்னோர் பெரிய கங்காணியிடம் வாங்கிய முன்பணத்தில் கட்டுண்டு, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கடனோடு சேர்த்து 'துண்டு' எழுதி அனுப்பப்பட்டவர்கள். 1921இல்தான் அந்தத் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது.

நெகேமியா என்ன செய்தார்? 'முதலில் மதில் முடியட்டும், பிறகு பார்ப்போம்' என்று சொல்லவில்லை. கோபப்பட்டார், மனதுக்குள் யோசித்தார், பெரியவர்களைச் சபையில் நிறுத்தி, வயலையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைத்தார். ஆளுநராக இருந்த பன்னிரண்டு வருடமும் தனக்குரிய உணவுப்படியை அவர் வாங்கவில்லை. மக்களின் பாரம் ஏற்கெனவே அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். அவருடைய வேலையாட்களும் மதிலில் கல் சுமந்தார்கள். கட்டுகிறவர்கள் பிழைத்திருந்தால்தான் மதிலுக்கு அர்த்தம் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உங்களில் ஐந்து பேர், பத்துப் பேர் என்று பையன்களைக் கொழும்புக்கு வேலைக்குக் கூட்டிப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். கூலி வாங்கிப் பிரித்துக் கொடுப்பதும் நீங்கள்தான். உங்களைப் பார்த்துத்தான் அன்போடு கேட்கிறேன்: அந்தப் பையன் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா? எட்டாம் மாடி ஓரத்தில் நிற்கும்போது இடுப்பில் பெல்ட் மாட்டுகிறானா? பிடித்த பணத்துக்குக் கணக்குக் காட்டினீர்களா? இதை மறந்திருந்தால் நாளைக் காலையில் திருத்திக்கொள்ளலாம். ஆண்டவர் உங்களிடம் ஒப்படைத்திருப்பது இன்னொருவரின் பிள்ளை. அந்தப் பொறுப்பைத் தரும் அளவுக்கு அவர் உங்களை நம்பியிருக்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம்.

எவ்வளவு கவனித்தாலும் தவறு வரும். நம் மறைமாவட்டத்துக்கு உள்ளேயே, பலாங்கொடைப் பக்கத்தில், சமனலவெவ அணை இருக்கிறது. 1992இல் தண்ணீர் நிரப்பியபோது வலது கரையில் மலைக்குள்ளிருந்து நீர் பீறிட்டுக்கொண்டு வந்தது. உள்ளே சுண்ணாம்புக் கல், அதில் பொந்துகள். எத்தனையோ விதமாக அடைத்துப் பார்த்தார்கள். படகில் களிமண் கொண்டுபோய்க் கொட்டியும் பார்த்தார்கள். முழுதாக அடைபடவில்லை. இன்றும் கசிகிறது. அதை அளந்து கவனித்துக்கொண்டே மின்சாரமும் எடுக்கிறார்கள். அந்தக் கசிவு நீர் கீழே கல்தொட்டை வயல்களுக்குப் பாய்கிறது. நம்மால் அடைக்க முடியாத ஓட்டையைக்கூட யாரோ ஒருவருக்குச் சோறாக்கத் தெரிந்த கடவுள் அவர்.

ஸ்ரீதரன் பின்னாளில் கொங்கண் ரயில் பாதையை நடத்தி முடித்தார். அந்தப் பாதை போடும்போது உயிர் விட்டவர்களுக்கு இரத்தினகிரியில் நினைவுச் சின்னம் இருக்கிறது. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த வழியில் விழுந்த நம்மவர்களை நினைக்கும்போது, அப்படி ஒரு கல் எவ்வளவு பெரிய விஷயம் என்று தோன்றும். பிறகு டெல்லி மெட்ரோ. அங்கே வேலைத்தலங்களில் இன்னும் எத்தனை நாள் மீதி என்று காட்டுகிற பின்னோக்கி ஓடும் கடிகாரங்களை வைத்தார். 2002இல் முதல் பாதை திறந்தது. முதல் கட்டம் குறித்த காலத்துக்கு முன்னாலேயே முடிந்தது. நாடே புகழ்ந்தது. 2009 ஜூலை 12 அதிகாலையில், ஜம்ருத்பூர் என்ற இடத்தில் கட்டிக்கொண்டிருந்த மேம்பாலப் பகுதி சரிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்போது அவருக்கு 77 வயது. ஒப்பந்தக்காரர் இருக்கிறார், வடிவமைத்தவர் இருக்கிறார், கீழே எத்தனையோ அதிகாரிகள் இருக்கிறார்கள். விசாரணை முடியட்டும் என்று சொல்லியிருக்கலாம். அன்றே, இது என் பொறுப்பு என்று சொல்லிப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். முதலமைச்சர் ஷீலா தீட்சித் அதை ஏற்க மறுத்து, தொடரச் சொன்னார். தொடர்ந்தார், 2011 கடைசி வரைக்கும் இருந்து வேலையைப் பார்த்தார்.

அவர் இந்து சமயத்தவர். நம் விசுவாசத்தை அறிக்கையிட்டவர் இல்லை. ஆனால் அன்று அவர் செய்ததில் நம் ஆண்டவரின் சாயலைக் காண எனக்குத் தயக்கம் இல்லை. ஏதோ ஒன்று உடைந்தவுடன் நம் வாயில் முதலில் வருவது யாருடைய பெயர்? ஆதாம் ஏவாளைக் காட்டினார், ஏவாள் பாம்பைக் காட்டினார். நாம் மனைவியைக் காட்டுகிறோம், மருமகளைக் காட்டுகிறோம், துரையைக் காட்டுகிறோம், காலத்தைக் காட்டுகிறோம். சில வேளை அவர்கள் மேலும் தவறு இருக்கும்தான். ஆனால் 'இது என்னுடையது' என்று சொல்லாத வரைக்கும் மனதுக்குள் ஒரு கல் கிடந்து அழுத்துகிறதே, அது உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்லப் பயப்படுகிறோம்? சொன்னால் தள்ளிவிடுவார்கள் என்றுதானே?

தள்ளாதவர் ஒருவர் இருக்கிறார். பாவமே செய்யாத நம் இயேசு, நம் பாவம் எல்லாவற்றுக்கும் தம் பெயரைக் கொடுத்தார். சிலுவையில் அவர் யாரையும் விரல் நீட்டிக் காட்டவில்லை. ஆணி அடித்தவர்களுக்காகவும் தந்தையிடம் பரிந்து பேசினார். அவரிடம் போய் 'என் தவறு' என்று சொல்வதற்குத் துணிச்சல்கூடத் தேவையில்லை. அவர் ஏற்கெனவே அதைச் சுமந்து முடித்துவிட்டார். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, 'போ, வேலையைப் பார்' என்று நம்மை அனுப்புகிறவர் அவர். மூன்று முறை மறுதலித்த பேதுருவை அவர் அப்படித்தான் அனுப்பினார். தம் ஆடுகளையே அவர் கையில் கொடுத்து அனுப்பினார்.

திருப்பலி முடிந்ததும் நான் சூசையப்பர் சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒப்புரவு அருட்சாதனத்துக்காக உட்கார்ந்திருப்பேன். கித்துல்கல பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் வாருங்கள். மற்றவர்கள் அவர்களுக்கு இடம் விடுங்கள். ரொம்ப நாளாக வராதவர்கள் எத்தனை வருடம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டாம், வந்து உட்காருங்கள், சொற்கள் வராவிட்டால் நான் உதவி செய்கிறேன். இப்போது எழுந்து நின்று, விசுவாச அறிக்கையைச் சேர்ந்து சொல்வோம்.